பாய்த்துணிப் பந்தயம்

அத்தியாயம் ஒன்பது

மன்னார்க் கடைத்தெருவில் எங்கள் கடைக்கு நேர் எதிரே அப்துல் றசாக் கடை திறந்ததைப் போன கிழமை எழுதியிருந்தேன். நாங்கள் விற்பது மான் மார்க் தையல் மெசின். அவன் கொண்டுவந்து அடுக்கியது றெயில் மார்க். அவன் விலையை இறக்கினான், நானும் இறக்கினேன். அவன் இன்னும் இறக்கினான். ஹுசைன் மரைக்கார் என்ற பெயரை என் வாப்பா எனக்கு வைத்தது கீழே இறங்குவதற்கு அல்ல. ஆனாலும் இறங்கினேன்.

அந்த நேரத்தில்தான் தலைமன்னாரிலிருந்து சம்மாட்டி யோசேப் ஆளனுப்பினார். யோசேப்புக்குச் சொந்தமாகப் பல மீன்பிடி வள்ளங்கள். அவர் ஒரு சாமானை வாங்கினால் பேசாலை வரைக்கும் மற்றச் சம்மாட்டிமாரும் அதையே வாங்குவார்கள்.

"கச்சான் காத்து உரக்க முந்தி வள்ளத்துப் பாய் எல்லாம் தைச்சு முடிக்க வேணும். எங்கட பெண்டுகளுக்கு மெசின் எடுக்கப் போறன். ரெண்டு கடைக்காரரும் வரட்டும். எந்த மெசின் என்ட பாயைத் தைக்குதோ அதைத்தான் வாங்குவன்." இதுதான் அவர் சொல்லியனுப்பிய வார்த்தை.

இதில் தோற்றால் கரையோரம் முழுவதும் றெயில் மார்க்குக்குப் போய்விடும். பிறகு வாப்பா காலத்தில் மாட்டிய மான் படப் பலகையை நானே ஏணி வைத்துக் கழற்ற வேண்டியதுதான்.

யார் மெசினை ஓட்டிக் காட்டுவது? என் மகன் சனூன் எந்த மெசினையும் விற்றுவிடுவான். ஒரு சட்டைக்கைகூடத் தைக்கமாட்டான். எங்கள் வீட்டில் அந்த வித்தை தெரிந்தவள் அவன் மனைவி, என் மருமகள் உம்மு குல்சூம். றசாக்கின் போட்டி வந்த பிறகு, திரை கட்டிய வண்டியில் வீடு வீடாகப் போய், மெசின் வாங்கிய பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். அதற்கே நான் எவ்வளவு முரண்டு பிடித்தேன் என்பது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். இப்போது தலைமன்னார்க் கடற்கரை!

நான் மூன்று நிபந்தனை போட்டேன். அவளுக்கும் ஆண்களுக்கும் இடையில் திரை இருக்க வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் பெண்கள் மட்டுமே இருக்க வேண்டும். அவளுடைய குரல் வெளியே கேட்கக் கூடாது. யோசேப் மூன்றுக்கும் சம்மதித்தார்.

பிரச்சினை வந்தது முதல்நாள் பின்னேரம், கொழும்பிலிருந்து வந்த புதுப் பெட்டியைத் திறந்தபோது.

பெட்டியில் அதே மான். அதே கறுப்பு மினுக்கம், அதே பொன்னிறப் பூவேலை. ஆனால் தூக்கியபோது கைக்குப் பாரம் தெரியவில்லை. கைப்பிடிப் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே, கைப்பிடி சுற்றும்போது மெசினை ஓட்டுகிற பல்லுச்சக்கரம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது.

முன்பெல்லாம் அந்தச் சக்கரம் உருக்கு. அரத்தால் ராவினாலும் லேசில் தேயாது.

"ஈயத்தைக் கலந்து வார்த்திருக்கிறாங்கள், வாப்பா," என்றான் சனூன். "றெயில் மார்க்கிலயும் இதுதான். விலை இறங்கின உடனே கொம்பனிக்காரன் சாமான்ல கையை வைச்சிட்டான்."

மான் மெலிந்தாலும் மான்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். குல்சூம் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மாமா, என்ட மெசினைக் கொண்டு போவம்," என்றாள்.

அவளுடைய மெசினும் மான் மார்க்தான். சீதனத்துக்காக அவள் வாப்பா எங்கள் கடையில் வாங்கியது. நல்ல காலத்துச் சாமான்.

"அது பழசு. கடையில இப்ப அது இல்லை," என்றேன்.

"அது பாயைத் தைக்கும். இது தைக்குமோ தெரியாது."

"தெரியாட்டிப் போய்ப் பாப்பம். விக்கிறதைத்தான் காட்ட வேணும். பழசைக் காட்டிப் புதுசை விக்கிறது எங்கட வீட்டுப் பழக்கமில்லை. தோத்தாலும் தோப்பம்."

அவள் பதில் பேசவில்லை. என் மருமகள் பதில் பேசவில்லை என்றால் சம்மதித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். கலியாணம் முடித்து வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பிடிபடவில்லை.

மறுநாள் காலை றெயிலில் புறப்பட்டோம். குல்சூம் மெசினோடு பெண்கள் பெட்டியில் ஏறினாள். நானும் சனூனும் பக்கத்துப் பெட்டியில். ஜன்னலுக்கு வெளியே பனைகளும் மணலும் ஓடின. சனூன் என் முகத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தான்.

"என்னடா, சுகமில்லையா?"

"ஒண்டுமில்லை வாப்பா. காத்து."

ஜன்னல் மூடியிருந்தது.

தலைமன்னார்க் கரையில் யோசேப்பின் மீன்வாடி பெரியது. கிடுகு வேய்ந்த நீளக் கூரை. அதன் நடுவே ஒரு முழுப் பாயை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். எனக்கு மனம் நிறைந்தது. என் வீட்டுப் பெண்ணுக்குப் பட்டுத் திரை கட்டியிருந்தால்கூட இத்தனை மரியாதையாக இருந்திருக்காது.

யோசேப் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "வாங்கோ மரைக்கார், இருங்கோ. கதிரை போட்டிருக்கு."

எதிர்க் கதிரையில் அப்துல் றசாக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மனிதர். கொழும்பிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்த தையல் மாஸ்டர்.

றசாக் எழுந்து ஸலாம் சொன்னான். பதில் சொன்னேன். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுகிற குடும்பம் அல்ல எங்களுடையது.

"காக்கா, மான் இந்தக் காத்துக்கு ஓடுமோ?" என்றான், அண்ணன் முறை வைத்து.

"றெயில் மணலில ஓடுமோ எண்டு முதல்ல பாரும்," என்றேன்.

வாடி சிரித்தது. றசாக்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை; நன்றாக இருந்தது.

யோசேப்பின் மனைவி பெற்றிசியா பாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்தாள். அகன்ற தோள், உரத்த குரல். தீர்ப்புச் சொல்லப் போகிறவள் அவள்தான். பாய் தைக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி.

"மரைக்கார் ஐயா, உங்களோட ஒரு கதை இருக்கு," என்றாள். "நான் கலியாணம் கட்டின புதுசில பாய் தைக்கிற ஒரு ஊசிக்காக உங்கட கடைக்கு மூண்டு தரம் வந்தனான். 'கப்பல்ல வருது, கப்பல்ல வருது' எண்டே திருப்பி அனுப்பினீங்கள். எதிர்க்கடை வந்த பிறகு மெசின் எடுத்த வீடுகளுக்கு ஊசியும் வருது, தையல் சொல்லித்தாற பிள்ளையும் வருது. அந்தக் கப்பல் இப்ப எங்க?"

மறுபடியும் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவள் சொன்னது உண்மை. உண்மைக்கு எதிராக நான் வாய் திறப்பதில்லை.

"கப்பல் வந்திட்டுது," என்றேன். "அதுதான் நானும் வந்திருக்கிறன்."

"அப்படிச் சொல்லுங்கோ!" என்று யோசேப் தொடையில் தட்டினார்.

பந்தயம் இதுதான். ஒவ்வொரு மெசினும் மூன்று தையல் போட வேண்டும். முதலாவது புதுத்துணியில் நேர்த் தையல். இரண்டாவது கரையை மடித்துத் தைப்பது. மூன்றாவது பழைய பாயில் ஒட்டுப் போடுவது. பழைய பாய் என்றால் மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் பல தடவை தோய்ந்து, உப்பேறிக் காய்ந்து, பலகை போல நிற்கிற துணி.

"தொடங்குங்கோ!" என்றாள் பெற்றிசியா.

மாஸ்டர் எங்கள் கண்முன்னே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். கைகாரர்தான், மறுக்கமாட்டேன். துணி தண்ணீர் போல ஊசிக்கடியில் வழுக்கிப் போனது. பொடியன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

பாய்க்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் மெசின் விற்றவன் நான். சத்தத்தை வைத்து எங்கே எண்ணெய் இல்லை, எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். முதல்நாள் பின்னேரம் அந்தப் புது மெசினைச் சுற்றிப் பார்த்தபோது அது எழுப்பிய ஒலியும் என் காதில் இருந்தது. ஈரமான கட்டையைத் தட்டுவது போன்ற மந்தமான ஒலி.

இப்போது பாய்க்கு அப்பாலிருந்து வருவது அந்த ஒலி அல்ல.

கணீரென்று இருந்தது. பல்லோடு பல் கடித்து, விட்டு, மறுபடி கடிக்கிற சுத்தமான சத்தம். அது உருக்கின் சத்தம்.

முதல் தையல் முடிந்தது. பெற்றிசியா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரி," என்றாள். இரண்டாவது தொடங்கியது. நான் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சந்தேகமே இல்லை. உள்ளே சுற்றுவது பழைய சக்கரம்.

மெல்லத் திரும்பிச் சனூனைப் பார்த்தேன். அவன் மணலில் காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

பெட்டி மானுடையது, படம் மானுடையது, மெசினும் நான் திறந்து பார்த்த அதே மெசின். அதன் உள்ளேதான் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இந்த வாடியில் வேறொருவருக்கும் அது தெரியப் போவதில்லை. சத்தத்தைப் பிரித்துக் கேட்கக்கூடிய காது இங்கே என்னுடையது ஒன்றுதான்.

"ரெண்டாவதும் ரெண்டு பேருக்கும் சரி," என்றாள் பெற்றிசியா. "இனி ஒட்டு. பாப்பம், ஆரின்ட மெசினுக்கு வயித்துக்குத்து வருது எண்டு!"

மாஸ்டர் பழைய பாயை மடித்து ஊசிக்கடியில் வைத்தார். சுற்றினார். ஊசி நுழைந்து வெளியே வந்தது. மறுபடி நுழைந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பற்களைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று அழுத்திச் சுற்றினார்.

கரகரவென்று ஒரு சத்தம். அதன்பின் கைப்பிடி லேசாகிவிட்டது. எந்தப் பாரமும் இல்லாமல் சும்மா சுற்றியது. ஊசி துணிக்குள் மாட்டியபடியே நின்றது.

பல்லுச்சக்கரம் மழுங்கிப் போயிற்று.

"இது துணியில்லை, மாட்டுத்தோல்!" என்று கத்தினார் மாஸ்டர்.

"மாஸ்டர், இந்த மாட்டுத்தோலை நாங்கள் கையால தைக்கிறனாங்கள்," என்றாள் பெற்றிசியா.

சிரிப்பில் வாடிக் கூரையே அசைந்தது. அதற்கிடையில் பாய்க்கு அப்பால் எங்கள் மெசின் ஓடிக்கொண்டேயிருந்தது. மெல்ல, அழுத்தமாக, ஒரு தையலும் தவறாமல். பிறகு நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். பெற்றிசியா உள்ளே ஓடி, ஒட்டுப் போட்ட துணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யோசேப் ஒரு முனையைப் பிடிக்க, இரண்டு ஆட்கள் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்கள். தையல் அசையவில்லை.

"மான் மார்க்!" என்றார் யோசேப். "தீர்ந்துது கதை. மரைக்கார், கையைத் தாருங்கோ!"

ஆட்கள் எழுந்து நின்றார்கள். எத்தனையோ முகங்கள், எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. எதிரே றசாக் மட்டும் உட்கார்ந்திருந்தான், தன் மெசினின் மூடியைப் பார்த்தபடி.

நான் கையை நீட்டவில்லை.

"சம்மாட்டியார், கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "எங்கட மெசினின்ட மூடியைக் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ. நான் கொண்டுவந்த சக்கரம் இல்லை அது."

"வாப்பா, வேண்டாம்," என்று சனூன் என் கையைப் பிடித்தான்.

"நீயா செய்தாய்?"

அவன் பாய்ப் பக்கம் பார்த்தான்.

"ஹுசைன் மரைக்காரின்ட மகன், ஊரை ஏமாத்த..."

"அவர் இல்லை மாமா!"

பாய்க்கு அப்பாலிருந்து வந்தது அந்தக் குரல். தெளிவாக, உரக்க, கடற்கரை முழுவதும் கேட்க.

"நான்தான் மாத்தினனான். நீங்கள் விடிய முந்திச் சுபஹு தொழப் போன நேரம், என்ட மெசினின்ட சக்கரத்தைக் கழட்டி இதில போட்டனான். அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். செய்தது நான்."

காற்றில் பாய் உப்பி அடங்கியது. என் மூன்றாவது நிபந்தனை அங்கே மணலில் கிடந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் குரலை இத்தனை அந்நிய ஆண்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் என்ன சொன்னனான், குல்சூம்?" என்றேன். என் குரல் எனக்கே கடினமாகக் கேட்டது.

"விக்கிறதைத்தான் காட்ட வேணுமெண்டு சொன்னீங்கள்."

"பிறகு?"

"இப்ப காட்டிட்டன், மாமா. ஊர் பாத்திட்டுது. இனி இதைத்தானே விக்க வேணும்? அந்த ஈயச் சக்கரத்தை இனி எப்படி விப்பீங்கள்?"

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எத்தனையோ வியாபாரிகளோடு வாதாடியிருக்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். என் சொந்த வார்த்தையை எடுத்து இப்படி என் கையிலேயே திருப்பித் தந்தவர் ஒருவருமில்லை. கோபம் வந்தது. அதற்கு முன்பே வேறொன்று வந்துவிட்டது. இவள் எங்கள் வீட்டுப் பெண் என்ற நினைப்பு.

யோசேப் முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்ப, மரைக்கார், உங்கட கடையில இப்ப இருக்கிற மெசினும் றெயில் மார்க் மாதிரித்தானோ?"

"ஓம்," என்றேன். "இந்த வருஷம் வந்தது அப்படித்தான்."

"இந்த மெசின் ஒட்டுப் போட்டது உங்கட பழைய சக்கரத்தால."

"ஓம்."

பெற்றிசியா இடுப்பில் கையை வைத்தாள். "நல்லாயிருக்குது! பழைய சக்கரத்தோட தந்தா எடுப்பம். இல்லாட்டி ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நடவுங்கோ. எங்களுக்குக் கை இருக்கு, ஊசி இருக்கு."

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"சம்மாட்டியார், என்ட மருமகள் சொன்னது எல்லாருக்கும் கேட்டுதுதானே? அதுதான் எங்கட வீட்டுப் பேச்சு. உருக்குச் சக்கரம் இல்லாத ஒரு மெசினும் இனி என்ட கடைப் படியை விட்டு இறங்காது. இந்த வருஷம் ஈயச் சக்கரத்தோட என்னட்ட வாங்கின ஆக்கள் எல்லாருக்கும் சக்கரத்தை மாத்திக் குடுப்பன். ஒருத்தரும் என்னட்ட வந்து கேக்கத் தேவையில்லை. நான் வீடு தேடி வருவன். கொழும்புக்காரன் உருக்குச் சக்கரம் தரமாட்டன் எண்டால், மான் படத்தை நானே இறக்கி வைச்சிட்டு வேற யாவாரம் பாப்பன்."

யோசேப் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"பெற்றிசியா, என்ன சொல்லுறாய்?"

"நான் அந்தப் பிள்ளையிட்ட வாங்குறன்," என்றாள் பெற்றிசியா. "சக்கரம் வரும் வரைக்கும் கையால தைப்பம்."

"அப்ப நானும் அப்படித்தான்," என்றார் யோசேப். "மரைக்கார், இப்பவாவது கையைத் தாருங்கோ!"

இந்தத் தடவை கொடுத்தேன். வாடியில் மறுபடி கிளம்பிய கூச்சலில் கரையில் நின்ற காகங்கள் எல்லாம் பறந்தன. பாய்க்கு அப்பால் பெண்கள் குரவையிட்டார்கள். என் மருமகளை அவர்கள் கட்டிப்பிடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மீன் வாடை அவள் மேலிருந்து போக இரண்டு நாளானதாம்.

அன்று மத்தியானமே ஒட்டுப் போட்ட பாயைப் பெரிய வள்ளத்தில் கட்டினார்கள். நடுவே தொங்கிய திரைப் பாயை மட்டும் யோசேப் அவிழ்க்கவிடவில்லை. "மரைக்கார் வீட்டுப் பிள்ளை உள்ளுக்கு இருக்குது. அது போன பிறகு அவிழ்ப்பம்," என்றார். எனக்கு வேறெந்த மரியாதையும் வேண்டியிருக்கவில்லை.

வள்ளம் கரையை விட்டுத் தள்ளப்பட்டது. பாய் ஏறியது. கச்சான் அதை ஒரு தடவை அறைந்து பார்த்தது. துணி படபடத்தது, பிறகு நிறைந்தது, வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை போல உருண்டு நின்றது. ஒட்டு நின்ற இடம் கறுப்பாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வள்ளம் சாய்ந்து, நுரையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கரையில் நின்ற ஆட்கள் தலைப்பாகையை அவிழ்த்து வீசினார்கள்.

நான் வீசவில்லை. ஆனால் தொப்பியில் கை வைத்தேன்.

பின்னேரம் மெயில் வண்டிக்காகத் தலைமன்னார் ஸ்டேசனுக்கு வந்தோம். சனூன் பெட்டியோடு முன்னே போனான். குல்சூம் முகத்திரை போட்டு ஒரு ஓரமாக நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாலு பேர் முன்னால கத்தினாய்," என்றேன்.

"கத்தினனான் மாமா."

"இனிமேல் கடையில எந்தப் பெட்டி திறந்தாலும் நீ பாத்துச் சரி எண்டு சொன்ன பிறகுதான் விக்கிறது."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் அது சம்மதம் அல்ல என்று இப்போது எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

"பெட்டிக்குள்ள மட்டும் பாக்க ஏலாது மாமா. ஓட்டிப் பாக்க வேணும். பழைய பாயில," என்றாள்.

"யோசேப்பிட்ட ஒரு பழைய பாய் வாங்கித் தாறன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொருளை என் கையில் வைத்தாள். புது மெசினிலிருந்து கழற்றிய சாம்பல் நிறச் சக்கரம்.

"இதைக் கொழும்பில காட்டுங்கோ. கடிதம் எழுதினா வாசிச்சிட்டு மேசையில போட்டிடுவாங்கள். நீங்கள் முன்னால போய் நிண்டாத்தான் எழும்பி நிப்பாங்கள்."

அந்த வண்டி மன்னாரில் நின்று கொழும்புக்குப் போகிற வண்டி. வீட்டில் போய் இறங்கி, உடுப்பு மாற்றி, நாளைக்குப் புறப்படலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொன்ன பிறகு நாளை வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

"சனூன்! எனக்குக் கொழும்புக்கு டிக்கற் எடு."

"இப்பவா வாப்பா? உடுப்பு?"

"இந்த உடுப்புக்கு என்ன குறை?"

மன்னாரில் அவர்கள் இறங்கினார்கள். குல்சூம் வண்டி நகரும் வரைக்கும் மேடையிலேயே நின்றாள். நான் தனியே ஜன்னலோரம் இருந்தேன். வண்டி தீவை விட்டுப் பாலத்தில் ஏறியபோது பெட்டிக் கதவு திறந்தது.

அப்துல் றசாக்.

"ஸலாம் காக்கா. இதில இருக்கலாமோ?"

"வண்டி கவர்ன்மெண்டுடையது," என்றேன்.

எதிரே உட்கார்ந்தான். முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

"நீங்கள் இண்டைக்கு வாயை மூடிக்கொண்டு வெண்டிருக்கலாம்," என்றான். "எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும்."

தலையசைத்தான். "நான் விலையை இறக்கினன், நீங்கள் இறக்கினீங்கள். நாங்கள் இறக்க இறக்க அங்க கொழும்புக்காரன் சாமானை இறக்கிட்டான். ஆனா காக்கா, என்ட கடை வராட்டி உங்கட கடையில இண்டைக்கும் ஊசிக்குக் கப்பல் பாத்துக்கொண்டுதான் இருப்பாங்கள்."

"அதையும் நான் மறுக்கேல்லை," என்றேன்.

அவன் சட்டைப் பையில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தான். பிரித்தான். காலையில் மழுங்கிப்போன அவனுடைய பல்லுச்சக்கரம்.

"உங்கட சக்கரத்தை ஸ்டேசனில உங்கட கையில கண்டனான், அதையும் காட்டுங்கோ."

நானும் எடுத்தேன். இரண்டையும் ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டின் நடுவிலும், துளைக்கு அருகில், ஒரே இடத்தில், ஒரே அளவில், சின்ன நட்சத்திரம் ஒன்று வார்த்திருந்தது.

கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சந்தேகமில்லை. மானும் றெயிலும் கடைத்தெருவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்க, இரண்டுக்கும் பல் செய்து கொடுத்தது ஒரே பட்டறை.

"என்ட சக்கரத்தில இந்த நட்சத்திரத்தை இண்டைக்கு மத்தியானம்தான் கண்டனான், உங்கடதிலயும் இருக்குமோ எண்டு அப்பவே சந்தேகம்," என்றான் றசாக். "எனக்கு மெசின் அனுப்புறவனும் உங்களுக்கு அனுப்புறவனும் கொழும்பில ஒரே தெருவில இருக்கிறாங்கள், காக்கா. நீங்கள் தனியப் போனா, மற்றக் கடைக்காரன் ஒண்டும் சொல்லேல்லையே எண்டு திருப்பி அனுப்புவான். நான் தனியப் போனாலும் அதுதான். ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போய், உருக்கு வராட்டி மன்னாரில ஒரு கடையும் திறக்காது எண்டு சொன்னா?"

"சொல்லிப்போட்டு வந்த பிறகு?"

"வந்த பிறகு நான் என்ட விலைக்கு விப்பன். நீங்கள் உங்கட விலைக்கு வில்லுங்கோ."

வண்டி பாலத்தைத் தாண்டி மன்னார்ப் பெருநிலத்தில் ஓடியது. நான் இரண்டு சக்கரங்களையும் ஒரே கைக்குட்டையில் முடிந்து என் பையில் போட்டேன். றசாக் தடுக்கவில்லை. எழுந்து வந்து, கொஞ்சம் இடம்விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்க போய் முதல்ல ஆர் கதைக்கிறது, காக்கா?"

நான் முதுகை நிமிர்த்தினேன்.

"கடை முதல் திறந்தவன்," என்றேன்.